ஒரு நிமிஷத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு

நான் ஒருமுறை செத்துப் போயிருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் அல்ல. பட்டப்பகலில், செஞ்சி கடைத்தெருவில், கடைக்காரர்கள் பாதிக் கதவை இறக்கிவிட்டு எழுந்து நிற்க, நாலு பேர் தோளில். பழியைக் காமாலை வைரஸ் மேல் போட ரொம்ப நாள் முயன்று பார்த்தேன். முடியவில்லை. பாவம், அது என்னை விட்டுவிட்டுப் போய் இரண்டு மாசம் ஆகியிருந்தது.

எண்பத்திரண்டில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் கீழாநெல்லியும் மோரும், உப்பில்லாக் கஞ்சியும். நாலாவது வாரம் கண் வெளுத்துவிட்டது. அம்மா எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, குழம்பில் உப்புப் போட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று அறிவித்தாள். எனக்குத்தான் சரியாகவில்லை. நாலு தெரு நடந்தால் முழங்கால் தளர்ந்தது. சோறு வாயில் பஞ்சு மாதிரி இருந்தது. படுத்தால் நெஞ்சுக்குள் மல்லாட்டை உடைக்கிற மிஷின் ஓடியது (வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்). காமாலை திரும்பி வந்துவிட்டதோ என்று கண்ணாடி கண்ட இடமெல்லாம் இமையை இழுத்துப் பார்த்தேன். சலூன் கண்ணாடி, சைக்கிள் கடைக் கண்ணாடி, பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி. ஒரு டிரைவர், அழகு பார்க்க வேற எடம் கெடைக்கலியா என்று ஹாரன் அடித்துத் துரத்தினார். அழகு பார்க்கவில்லை, உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்த நேரம் பார்த்து வேலை உத்தரவு வந்தது. அரசாங்க அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பதினைந்து நாளைக்குள், உடல் தகுதியோடு இருக்கிறான் என்று அரசு டாக்டர் எழுதிக்கொடுத்த சான்றிதழுடன் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். நைனா கன்னியப்பன் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். உத்தரவை அவரிடம் படித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் மண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் சேதி தெரிந்திருந்தது. டெய்லர் பாய் என்னைக் கூப்பிட்டு, வேலைக்குப் போகப்போற பையன் பழைய சட்டையோடு போகக்கூடாது என்று அளவெடுத்தார். எனக்கோ, டாக்டர் காதில் குழாயை மாட்டியதும் உள்ளே ஓடுகிற மல்லாட்டை மிஷின் கேட்டுவிடுமே என்று கவலை. கேட்டால் வேலை போச்சு. நைனா மண்டியில் எப்படித் தலை காட்டுவார்?

கிளை நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகம் இருந்தது. நோயாளி அசையாமல் உட்கார்ந்து நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ண வேண்டும், எழுபத்திரண்டு சரியான அளவு, நூற்றைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்கவும் என்று அதில் போட்டிருந்தது. எண்ணுவதற்கு வாட்ச் வேண்டுமே. எங்கள் சொந்தத்தில் வாட்ச் கட்டிய ஒரே மனிதர் அக்கா புருஷன் ஏழுமலை மாமா. கல்யாணத்துக்கு நைனா அவருக்குப் போட்ட வாட்ச். மாமாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் வாட்ச் இல்லாமல் வெளியே வரமாட்டார். நிமிஷத்துக்கு ஒருமுறை கையை ஒரு உதறு உதறுவார். அது அவருடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

வாட்சை ரெண்டு வாரத்துக்குக் கேட்டதும் மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"எதுக்கு மச்சான்?"

"நாடி பாக்கணும் மாமா."

"கைய ஆட்டிக்கினே பாப்பியா?"

"ஆட்டாமத்தான் பாக்கணும்."

ஏதோ சொல்ல வந்தவர், வாயை மூடிக்கொண்டு கழற்றிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அந்த வாயைத் திறந்திருந்தால் நான் சாகாமல் இருந்திருப்பேன்.

வாட்சில் விநாடி முள் இல்லை, எப்போதோ உதிர்ந்துவிட்டது. பெரிய முள் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போவதற்குள் எண்ண வேண்டும். வாட்சை மடியில் வைத்து, புத்தகத்தில் சொன்னபடி சிலை மாதிரி உட்கார்ந்து எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. மறுநாள் இன்னும் அசையாமல் உட்கார்ந்தேன். நூற்று நாற்பது. மூன்றாம் நாள் மூச்சைக்கூட அளவாக விட்டேன். நூற்று அறுபத்தாறு. எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். ராத்திரியெல்லாம் கையில் கட்டிக்கொண்டுதான் புரண்டேன்; அப்படியும் வாட்ச் நாளுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி பின்தங்கியது. பழைய வாட்ச், அப்படித்தான் இருக்கும் என்று காலையில் மில் சங்கு ஊதும்போது சரியாக வைத்துக்கொள்வேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. (நான் பி.ஏ. வரலாறு.)

பதினைந்து நாளில் பத்து நாள் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். செஞ்சிக் கோட்டை இருக்கிற ராஜகிரி மலை மேல் ஏறுவது. உச்சிக்குப் போய்விட்டால் இதயம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், நேரே டாக்டரிடம் போய்விடலாம். போகாவிட்டால் வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இதைவிட முட்டாள்தனமான பரிசோதனையை வரலாறு படித்தவன்தான் கண்டுபிடிக்க முடியும். மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவரும் கூட வந்தார். வாட்ச் போகிற இடத்துக்கெல்லாம் அவரும் வந்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

காலையில் ஏறத் தொடங்கினோம். அம்மன் கோயில் வரைக்கும் பேசிக்கொண்டே போனோம். அதற்கு மேல் மாமா மட்டும் பேசினார். அதற்கும் மேல் அவரும் பேசவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், பாறைப் பிளவின் மேல் போட்டிருக்கிற மரப்பாலத்துக்கு வந்தபோது கண் முன்னால் பூச்சி பறந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டேன். வாட்சைக் கழற்றிப் பாறை மேல் வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒரு குரங்கு எதிரே உட்கார்ந்து என்னையும் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தது.

நூறு. முள் நகரவில்லை. நூற்று ஐம்பது. நகரவில்லை. இருநூறு. வியர்வை சில்லென்று இறங்கியது. இருநூற்றுப் பன்னிரண்டு எண்ணிவிட்டேன், அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

"மாமா, நான் போறேன்."

"எங்க?"

அப்படியே பாறையில் சாய்ந்தேன்.

மாமா வாட்சை எடுத்து மடியில் செருகி, என்னை முதுகில் போட்டுக்கொண்டு அத்தனை படியும் இறங்கினார். (அன்றைக்கு உண்மையிலேயே இதயம் வலுவாக இருந்தது அவருக்குத்தான்.) கீழே காவல்காரருடைய கயிற்றுக் கட்டில் கிடைத்தது. புல் அறுத்துக்கொண்டிருந்த நாலு பேர் தூக்க வந்தார்கள். வழியில் நின்ற ஒரு பஸ்ஸின் கண்டக்டர், படுத்த ஆளையெல்லாம் ஏற்ற முடியாது என்றுவிட்டார். ஆகவே ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல், தோளிலேயே. வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்று மாமா தன் வெள்ளைத் துண்டை நனைத்து என் தலையிலிருந்து மார்பு வரை போர்த்திவிட்டார். பிறகு அழுதுகொண்டே முன்னால் நடந்தார்.

தலை வரை வெள்ளைத் துணி போர்த்திய கட்டிலுக்கு முன்னால் ஒரு மனிதன் அழுதுகொண்டு நடந்தால் அதற்கு என்ன பெயர் என்று எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் அசையவே இல்லை. அசைந்தால் இருக்கிற கொஞ்சத் துடிப்பும் தீர்ந்துவிடும் என்று துணிக்குள் விரலை மணிக்கட்டில் வைத்தபடி கிடந்தேன். கடைத்தெருவுக்குள் வந்ததும் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. சைக்கிள் மணி நின்றது. டீக்கடை ரேடியோவை யாரோ அணைத்தார்கள். கடைக் கதவுகள் கிர்ர் என்று பாதி இறங்கின. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், யாரோ தவறிவிட்டார்கள், அந்த ஊர்வலமும் இதே வழியாக வருகிறது என்று நினைத்தேன். துணிக்குள் கையைக்கூடக் கூப்பினேன்.

"யாருப்பா?" என்று ஒரு குரல் கேட்டது.

"மண்டிக் கன்னியப்பன் பையன். முருகேசன். பி.ஏ. படிச்சவன்."

"காமாலதான் எறங்கிடுச்சின்னாங்களே."

"எங்க எறங்குச்சி? உள்ள இருந்து தின்னுட்டு இருந்திருக்குது."

எனக்குக் கை கால் விறைத்துப்போனது. என்னைப் பற்றித்தான். அப்போது டெய்லர் பாயின் குரல், மிகப் பக்கத்தில், கரகரத்துக் கேட்டது. "சட்டைக்கு நேத்துதான் பித்தான் வச்சேன்."

நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பெரிய சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் சொல்கிறார்கள். நாடி இருநூற்றுப் பன்னிரண்டு. ஒருவேளை மலை மேலேயே நடந்துவிட்டதோ? சத்தியமாக நினைத்தேன். அவசரமாக நாடியைத் தேடினேன். பதற்றத்தில் விரலை எங்கே வைத்தாலும் கிடைக்கவில்லை.

மண்டிக்கு எதிரே வந்தபோது நெல் மூட்டை ஒன்று தொப்பென்று தரையில் விழுந்தது. இருபத்தைந்து வருஷத்தில் நைனா ஒரு மூட்டையைக்கூடக் கீழே போட்டதில்லை. அது அவர் மூட்டைதான் என்று எனக்கு எப்படியோ தெரிந்தது.

"ராசா" என்றார்.

ஒரே ஒரு தடவைதான். அதற்கு முன் என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு செத்தவன்கூடப் படுத்திருக்க முடியாது. துணியை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. முன்னால் பிடித்திருந்த இரண்டு பேரும் கட்டிலை விட்டுவிட்டு ஓடினார்கள். நான் சறுக்கித் தெருவில் விழுந்தேன். வெற்றிலைக் கடைக்காரர் பாதி இறக்கியிருந்த கதவை முழுக்க இறக்கி உள்ளே தாழ் போட்டார். டெய்லர் பாய் மட்டும் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று அவர் காலுக்குத் தெரியவில்லை. நைனா வந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். அப்புறம் ஓங்கி ஒரு அறை விட்டார். அப்புறம் அங்கேயே, தெரு நடுவில், சிந்திய நெல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அறையில்தான் நாடி கிடைத்தது. காதுக்குள் கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு நான் நடந்தே போனேன். நைனா என் கையை விடவில்லை. பின்னால் ஒரு முப்பது பேர் வந்தார்கள், நான் மறுபடி எப்போது விழுவேன் என்று பார்க்க. டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வாட்சைப் பார்த்தார். எண்பத்தாறு என்றார். நான் நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்து நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டியவர் வாட்சைக் கேட்டார். வாங்கி மேசை மேல் வைத்தார். டாக்டர், நர்ஸ், நைனா, மாமா, நான், ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் நகரவில்லை. டாக்டர் எடுத்து ஒரு உதறு உதறிக் காதில் வைத்தார். டிக் டிக் என்றது. மேசையில் வைத்தார். சற்று நேரத்தில் நின்றுவிட்டது.

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

"கல்யாணத்தன்னிக்கே அப்பிடித்தான்" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. "ஆட்டிக்கினே இருந்தா ஓடும். மாமனாரு போட்ட வாட்ச்ச ஓடலன்னு எப்பிடிச் சொல்றது? மொறையா அது?"

நைனாவுக்கு அறைந்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திருவண்ணாமலை தீபத் திருவிழாவில், ஓடுகிறதா என்று கேட்டு, கடைக்காரன் கையில் ஆட்டிக் காட்டியதைப் பார்த்து வாங்கியது அவர்தானே.

காமாலை போனாலும் அசதி மூணு நாலு மாசம் இருக்கும், அது நோயில்லை என்றார் டாக்டர். நீ ராத்திரி பகலா நெஞ்சுக்குக் காது கொடுத்துக்கிட்டிருந்தா அது வேகமாத்தான் அடிக்கும் என்றும் சொன்னார். என் காரியம் முடிந்தது, இத்தனை கூத்துக்கு அப்புறம் சான்றிதழ் கிடைக்காது என்று நான் எழுந்தேன்.

"எது வரைக்கும் ஏறின?" என்று கேட்டார்.

"மரப்பாலம் வரைக்கும் சார்."

"மேல இருக்கிற பாலமா?" பேனாவைத் திறந்தார். "நான் இந்த ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆகுது. அம்மன் கோயிலத் தாண்டினதில்ல." சொல்லிக்கொண்டே தகுதியுடையவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வேலையில் சேர்ந்தேன். பாய் தைத்த சட்டையில் என்னைப் போல் இன்னொருவன் நுழையலாம். காமாலைக்கு முந்தின சட்டையை வைத்து அளவைச் சரிபார்த்திருக்கிறார். உடம்பு தேற டாக்டர் சொன்ன நாலு மாசமும் ஆயிற்று. பயம் தேற அதைவிட அதிகம். இன்றைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்தால் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போகும். பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன். போன வருஷம் எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் கடைத்தெருவில் விசாரித்தபோது, வெற்றிலைக் கடைக்காரர், பையன் தங்கம்தான், ஒரு தடவை செத்துப் பொழைச்சவன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கும் துணிந்துதான் கொடுத்தார்கள்.

நைனா மாமாவுக்கு வேறு வாட்ச் வாங்கிக் கொடுத்தார். பழையது எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, ஆட்டுவதற்கு ஆளில்லாமல். வீட்டில் யாராவது தலை வலிக்கிறது, உடம்பு முடியவில்லை என்று முனகினால் போதும். நைனா எழுந்து போய் அதைக் கழற்றி எடுத்து வருவார். அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நின்றுபோன முள்ளை வெகு நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்:

"எரநூத்திப் பன்னண்டு. எழுந்து வேலையப் பாரு."