பெண் பார்க்கப் போன இடத்தில் பெயருக்கு அர்த்தம் சொன்னேன்

புதிதாகத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு பெண் பார்க்கப் போகக் கூடாது. அது சும்மா இருக்க விடாது.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கிள்ளானில் ஒரு பெண் இருக்கிறாள், பெயர் ராகேல் என்று அக்கா சொன்னாள். எபிரேயம் படித்த எங்கள் போதகரிடம் ஓடி அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். அவர் சொன்னதும் தலைகால் புரியவில்லை. கிள்ளான் ரயிலில் வழிநெடுக அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன். (நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று அக்கா பூரித்துப்போனாளாம்.)

பெண்ணின் அப்பாவும் அத்தையும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ராகேல் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"உங்க மகள் பேரு எபிரேய மொழிங்க. அருமையான அர்த்தம்."

"அப்படியா? சொல்லுங்க தம்பி" என்று அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆடு."

யாரும் காப்பியைத் தொடவில்லை. ஆடு மேய்த்த அந்த எபிரேய ஜனங்களுக்கு மந்தைதான் செல்வம், அதனால் அது செல்லப்பெயர் என்று போதகர் சொன்ன மீதிப் பாதி எனக்கு மறந்தே போயிற்று.

"சாதாரண ஆடு இல்லீங்க, பெண் செம்மறியாடு" என்றேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது பரவால்லீங்க. வேதத்துல ராகேலோட அக்கா லேயாள் இருக்காங்கல்ல, அந்தப் பேருக்குப் பசுமாடுன்னுகூட சொல்றாங்க."

அத்தை மெல்ல எழுந்து நின்றார்.

"என் பேருதான் லேயாள்."

"வாடா போவோம்" என்றாள் அக்கா. அப்பாவும் வாசலைப் பார்த்தார். எழுந்தேன்.

அப்போதுதான் ராகேல் முதன்முதலாக வாய் திறந்தாள். "அப்பா, அவங்க பேருக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க."

என் பெயர் காலேப். அதையும் போதகரிடம் கேட்டுத் தொலைத்திருந்தேன். அவசரத்துக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

"நாய்னு சொல்றாங்க."

ராகேல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்பங்கரையிலிருந்து சிரிப்பு வந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க தம்பி. ஆட்டுக்குக் காவல் வேணும்லா" என்றார்.

கல்யாணம் நடந்தது. அத்தை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து, வாசலில் நின்று தெருவே கேட்கக் கூப்பிடுவார்:

"ராகேலு, மாடு வந்திருக்கு. உங்க வீட்டு நாயக் கதவத் திறக்கச் சொல்லு."