டயர் வளர்த்த சாமியார்

வழுக்கைத் தலையில் முடி வளர்த்துத் தருகிற சாமியார்கள் உண்டு. படுத்துப்போன வியாபாரத்தை வளர்த்துத் தருகிறவர்களும் உண்டு. பொம்மனஹள்ளிக்கு வாய்த்த சக்கரானந்தர் டயர் வளர்த்தார்.

சனிக்கிழமை மொட்டையாகக் கொடுத்த டயர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டன் முளைத்து வெளியே வந்தது. பட்டன் என்றால் லாரி டயரின் மேல் கட்டம் கட்டமாகப் புடைத்திருக்கும் ரப்பர். மண்ணையும் கல்லையும் கவ்விப் பிடித்து வண்டியை வழுக்காமல் நிறுத்துவது அதுதான். கருங்கல் குவாரியில் ஓடுகிற டிப்பர் லாரிக்கு அது ஒரு வருஷம் தாங்கினால் அதிகம். கூரான கல் கடிக்கும், அளவுக்கு மீறிய பாரம் அரைக்கும், கடைசியில் டயர் நம் ஊர் எம்.எல்.ஏ. வாக்குறுதி மாதிரி வழவழப்பாகிவிடும்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். பெங்களூரில் எவரைப் பார்த்தாலும் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்துக்குக் கல் வேண்டும், கல்லுக்கு லாரி வேண்டும், லாரிக்கு டயர் வேண்டும். டயருக்குச் சாமியார் வேண்டும் என்பது மட்டும் மூன்று வருஷமாக வந்த புதுப் பழக்கம். ஆயுத பூஜை நெருங்க நெருங்க, ஓசூர் ரோட்டோரம் அரை மைலுக்கு டிப்பர்கள் வரிசைகட்டி நின்றன. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற கம்பெனி வேன்கள் நெரிசலில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. காரணம் தெரிந்ததும் உள்ளே இருந்த கம்ப்யூட்டர் பிள்ளைகள் கண்ணாடியை இறக்கி, "ஸ்கூட்டர் டயருக்கும் செய்வாங்களா?" என்று விசாரித்தார்கள். படித்தவர்கள், விவரமாகத்தான் கேட்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் அனந்தலக்ஷ்மியும் நின்றாள். பக்தியில் அல்ல. அவள் கணவன் ஜெயராமன் சொந்தமாக ஒரு டிப்பர் வைத்து, தானே ஓட்டிக்கொண்டிருந்தான். அதன் முன்டயர் இரண்டும் மொட்டை. அடுத்த சனிக்கிழமைக்கு முறை வாங்க அவன் வந்தபோது, அவளும் கூடவே வந்துவிட்டாள்.

சக்கரானந்தர் ஒவ்வொரு டயராகத் தடவிப் பார்த்து நோய் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ரெண்டு ஓரமும் தேஞ்சிருக்கு. ராகுவும் கேதுவும் ஆளுக்கொரு பக்கம் கடிக்கிறாங்க."

"ஆமா சாமி," என்றான் லாரிக்காரன், ராகுவைக் கையும் களவுமாகப் பிடித்தவன் போல.

"இதுக்கு ஒரு ஓரம் மட்டும். பித்ரு தோஷம்."

பிறகு, பார்க்கிறவர்கள் யாரும் சந்தேகப்படக் கூடாதென்று ஒரு சோதனையும் நடந்தது. டயரின் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தினார்கள். கால்வாசிதான் மூழ்கியது. டயர் அவருடைய தகரக் கொட்டகைக்குள் போயிற்று, கதவைச் சாத்தினார்கள், இரவெல்லாம் ஹோமம். மறுநாள் அதே பள்ளத்தில் அதே நாணயம் முக்கால்வாசி மூழ்கும். லாரிக்காரன் சாமியார் காலில் விழுவான். அவன் நெற்றியில் ஹோம குண்டத்துக் கறுப்புச் சாம்பலை அப்பி அனுப்புவார்கள். வளர்ந்த டயர் பிறகு வெடித்தால்? அதற்கும் பதில் தயார். டிரேவர் என்கிற டிரைவரின் வண்டியில் போன ஆடியில் அப்படி வெடித்துக் கால் முறிந்தது. 'முன்கண்ணாடியில் சிலுவையையும் எலுமிச்சம்பழத்தையும் ஒன்றாகக் கட்டியிருந்தான், ரெண்டு சாமியும் கோபித்துக்கொண்டன' என்று தீர்ப்பானது. டயரைப் பற்றி எவரும் விசாரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அனந்தலக்ஷ்மி ஆரம்பித்தாள்.

"ஏங்க, புது டயர் வாங்கிடலாம்."

"ரெண்டு டயர் விலைக்கு நாலு பவுன் வாங்கலாம் லக்ஷ்மி. எங்க போறது?"

"ஒரு மாசம் வண்டிய நிறுத்துங்க. என் சம்பளத்துல ஓட்டலாம்."

"சாமி கைய வெச்சா வளருது. ஊரே பாக்குது. நீ ஒருத்திதான் புத்திசாலியா?"

அவன் முட்டாள் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். பயந்தவன். குவாரிப் பள்ளத்திலிருந்து மேலே வருகிற பாதை ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. கல் ஏற்றிக்கொண்டு ஏறும்போது முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. தினம் எட்டு நடை அந்தப் பாதையில் ஏறுகிறவனுக்கு யாராவது 'ஒன்றும் ஆகாது' என்று சொல்ல வேண்டியிருந்தது. சாமியார் சொன்னார். அவ்வளவுதான்.

ஆனால் இவனைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக அப்பாவோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தவள் அவள். அத்தனை பாடுபட்டுப் பிடித்த மாப்பிள்ளையை ஒரு மொட்டை டயருக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் இல்லை.

"சரி. சாமிகிட்டயே போங்க," என்றாள். "குடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு அளவு எடுத்துக்கறேன். நிஜமா வளந்திருந்தா நானே வந்து முடி காணிக்கை குடுக்கறேன். வளரலன்னா நீங்க திங்கக்கிழமை குவாரிக்குப் போகக் கூடாது."

இடுப்பு வரை தொங்கும் அந்தப் பின்னலை ஜெயராமன் ஒருமுறை பார்த்தான். "உன் முடிக்கு ஆபத்து வந்துடுச்சு," என்று சிரித்தான். ஒப்புக்கொண்டான்.

அளவெடுப்பது அவள் தொழில். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில், தைத்து வருகிற சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. மேனேஜர் நல்ல சட்டை என்று சத்தியம் செய்தாலும், டேப் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் ஒதுக்கிவிடுவாள்.

சனிக்கிழமை காலையில் ரங்காவின் பஞ்சர் கடையில் டயர்களைக் கழற்றினார்கள். ரங்கா அவற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ரெண்டு ஓரமும் போயிருக்கேண்ணா. காத்து கம்மியா வெச்சு ஓட்டினியா?"

"ராகு கேதுன்னு சாமி சொன்னாரு."

"ராகு கேதுவுக்கு என் கடையில காத்து பிடிக்கிறதில்ல. காத்து கம்மின்னா ஓரம் தேயும். ஜாஸ்தின்னா நடுவுல தேயும். முன்சக்கரம் கோணையா இருந்தா ஒரு ஓரம் மட்டும் தேயும். இதுக்கு நான் அஞ்சு ரூபா வாங்கறேன், எவனும் என் கால்ல விழ மாட்டேங்கறான்."

அனந்தலக்ஷ்மி ஒரு டயரின் முன் உட்கார்ந்து, பள்ளங்களில் சிக்கியிருந்த கல்லை எல்லாம் ஸ்குரூ டிரைவரால் நோண்டி எடுத்தாள். கழுவித் துடைத்தாள். சுற்றளவை டேப்பால் மூன்று தடவை எடுத்தாள். பிறகு பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் அதை ஏற்றச் சொன்னாள்.

அங்கே வந்து சேர்ந்தார் கோவிந்தப்பா. டிப்பர் ஓனர்கள் சங்கத் தலைவர், சாமியாரின் முதல் பக்தர். சாமியாருக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தவரே அவர்தான்.

"ஏனம்மா இது? டயருக்கு ஜாக்கெட் தெக்கறியா?"

"இல்லீங்கண்ணா. சாமி மகிமைக்கு ஆதாரம் வேணாமா? நாளைக்கு நாலு பேரு சந்தேகப்பட்டா காட்டறதுக்கு. நீங்களே பாத்து எழுதிக்குங்க."

"நோடி, பாருங்கப்பா, இது புத்தி," என்று கோவிந்தப்பா மகிழ்ந்துபோனார். தாமே குனிந்து படித்து, சங்கத்து ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். சுற்றளவு நூற்று இருபத்தெட்டு அங்குலம். எடை ஐம்பத்திரண்டு கிலோ. கள்ளன் வீட்டுக் காவல்காரனே போலீசுக்குச் சாவி செய்து கொடுத்த மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை கொட்டகை வாசலில் முந்நூறு பேர். ஜெயராமனின் டயர்கள் மாலை மரியாதையோடு வெளியே உருண்டு வந்தன. நாணயம் வைத்தார்கள். முக்கால்வாசி மூழ்கியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஜெயராமன் கண்ணில் தண்ணீர் நின்றது. நாளைக்குப் பாதையில் ஏறலாம்.

"சாமி, ஒரு நிமிஷம்," என்று அனந்தலக்ஷ்மி டேப்போடு முன்னால் வந்தாள்.

"என்ன மகளே?"

"வளந்த பிள்ளைக்குப் பழைய யூனிஃபார்ம் பத்தாது இல்லீங்களா? அந்த மாதிரி, டயர் வளந்தா சுத்தளவு கூடியிருக்கணும்." நேற்று அளந்த டயரிலேயே டேப்பைச் சுற்றினாள். "அண்ணா, நீங்களே படிங்க."

கோவிந்தப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டினார். நூற்று இருபத்தெட்டு. ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார். நூற்று இருபத்தெட்டு.

சக்கரானந்தர் புன்னகைத்தார். "மகளே, இது உள்ளுக்குள் நிகழும் வளர்ச்சி. நாடாவுக்குப் புலப்படாது."

"பரவாயில்லீங்க சாமி. உள்ள வளந்தாலும் எடை ஏறுமில்ல?"

ரங்கா ஏற்கெனவே பழைய இரும்புக் கடைத் தராசைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

"தெய்வத்தைத் தராசில் நிறுக்கலாமா?"

"தெய்வத்த நிறுக்கல சாமி. டயரத்தான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாமியார் கோவிந்தப்பாவைப் பார்த்தார். கோவிந்தப்பா, பாவம், மகிமையை நிரூபிக்கிற அவசரத்தில் தாமே ஒரு கை கொடுத்து டயரைத் தராசில் தூக்கி வைத்தார். எடைக்கற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஐம்பதரை கிலோ. ஒரே இரவில் வளர்ந்த பிள்ளை ஒன்றரைக் கிலோ இளைத்திருந்தது.

கோவிந்தப்பா தமக்குத்தாமே சொல்வது போல மெல்லச் சொன்னார்: "இருபது வருஷமா குவாரியில பள்ளம் தோண்டறேன். பள்ளம் ஆழமாச்சுன்னா மலை வளந்துடுச்சுன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. இங்க மட்டும் எப்படி நெனச்சேன்?"

"பட்டன் மேல வரல அண்ணா," என்றாள் அனந்தலக்ஷ்மி. "பள்ளத்த கீழ செதுக்கியிருக்காங்க."

"அப்போ அந்த ஒன்றரைக் கிலோ ரப்பர் எங்க?" என்று ஒரு டிரைவர் கேட்டான்.

ரங்கா எட்டி அவன் நெற்றியிலிருந்த பிரசாதத்தை விரலால் வழித்து மோந்து பார்த்தான். பஞ்சர் கடைக்காரன் மூக்கு அது, தப்பாது. "இங்கதான் பூசியிருக்கீங்கண்ணா. எரிஞ்ச ரப்பர்."

முந்நூறு பேர் ஒரே நேரத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் பொம்மனஹள்ளி பார்த்தது. அடுத்த நிமிஷம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். சாமி படத்துக்குப் பின்னால் கரண்டில் பழுக்கக் காய்கிற செதுக்குக் கத்தி ஒன்று. ஹோம குண்டத்தின் அருகே கூடை நிறைய ரப்பர்ச் சுருள்கள். கத்திரிக்காய் வதக்குகிற பக்குவத்தில் நறுக்கி வைத்திருந்தார்கள்.

ஜெயராமன் உள்ளே போகவில்லை. தன் டயரின் முன் மண்டியிட்டு, புதிதாய் ஆழமான பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தான். நகத்தில் ஏதோ தட்டியது. நைலான் நூல். டயரின் எலும்பு மாதிரி அது. ரப்பர் அத்தனையும் போன பிறகுதான் கைக்குத் தட்டுப்படும். நூலுக்கு மேலே ஒரு வெற்றிலை கனம் ரப்பர்கூட மிச்சமில்லை. மொட்டையாய் இருந்தபோதாவது அதைக் காப்பாற்ற ஏதோ கொஞ்சம் இருந்தது.

"நாளைக்கு இதுல ஏறியிருப்பேன் லக்ஷ்மி," என்றான்.

அவள் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவன் தோளில் கை வைத்தாள்.

இதற்குள் சக்கரானந்தர் பின்வாசல் வழியாகத் தம் ஜீப்பில் ஏறிவிட்டார். கூட்டம் சுற்றி வளைத்துக்கொண்டது. போலீஸ் வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று கோவிந்தப்பா குறுக்கே நின்றார். ஜெயராமன் எழுந்து போனான். சாமியாரை அடிக்கப் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவனோ குனிந்து ஜீப்பின் டயரைப் பார்த்தான். நாலும் புத்தம் புதிது. கடையிலிருந்து வந்த டயரில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அதுகூட இன்னும் உதிரவில்லை.

"சாமி," என்று கேட்டான், மரியாதையாகவே. "உங்க டயர மட்டும் ஏன் வளத்துக்காம கடையில வாங்கினீங்க?"

சக்கரானந்தர் முந்நூறு முகங்களையும் பார்த்தார். இனி ராகுவும் கேதுவும் உதவிக்கு வர மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது.

"இந்த வண்டியில என் பொண்டாட்டி புள்ளைங்க போறாங்கப்பா," என்றார்.

மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. டிப்பர் ஐந்து வாரம் சும்மா நின்றது. வீட்டில் ஐந்து வாரமும் அனந்தலக்ஷ்மியின் சம்பளம்தான். ஆறாவது வாரம் இரண்டு புது டயர் வாங்கினார்கள். ரங்காவிடம் வாரம் ஒருமுறை காற்றுப் பார்க்க ஜெயராமன் மறக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூன்று வருஷம் அந்தக் கொட்டகை வாசலில் கூடிய அத்தனை பேரிலும், அனந்தலக்ஷ்மி வரும்வரை, பெண்டாட்டி பிள்ளையை எந்த டயரில் ஏற்றலாம் என்று நிதானமாக யோசித்தவர் ஒரே ஒருவர். அவர் சாமியார். யோசிக்கிற வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் கும்பிடப் போனால், அவர் பத்திரமாகத்தான் இருப்பார்.