சல்லடையின் வரலாறு, விளம்பரப் பிரிவுக்கு அனுப்பாதது

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டு மாதம் முன்பு என் மேஜைக்கு வந்து, "சார், சல்லடை சாஃப்ட்வேருக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகுது. அது எப்படி உருவாச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. கொஞ்சம் உணர்ச்சியா இருக்கட்டும்" என்றாள். உணர்ச்சிக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நீங்கள் வந்து நிற்கிறீர்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு நீங்கள் தலைவராக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்ளே, நாப்பது குழாயோட அளவையும் போட்டா, எந்தத் தண்ணி மோசமாகிட்டு வருதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிடுமா?" என்று கேட்டீர்கள். "அதுக்கென்ன அத்தான், ரெண்டு நாள் வேலை" என்றேன். அப்போதே யாராவது என் வாயில் ஒரு கவளத்தைத் திணித்திருக்கலாம்.

இரண்டு நாள் மூன்று மாதமானது. முதல் பதிப்பு சராசரி போட்டது, ஒரு கோடும் வரைந்தது. எண் கேட்கும் கட்டத்தில் உங்கள் உதவியாளர் "பரவாயில்லை" என்று தட்டியதும் உயிரை விட்டது. அதனால் கட்டத்துக்கு மேலே "இங்கே எண்ணை மட்டும் இடவும்" என்று எழுதி வைத்தேன். மறுநாளே அவர் போன் செய்து, "எண்ணெயை எங்க சார் விடணும், கீபோர்டுலயா?" என்று கேட்டார். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்கிற மனிதர். அப்புறம் எங்கள் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "இதை ஊரெல்லாம் விக்கலாம்யா" என்று சல்லடை என்று பெயரும் வைத்தார், அதோடு என் ஓய்வு முடிந்தது. இரண்டாம் பதிப்பில் வரைபடத்துக்கு நிறம் வேண்டும் என்றார், மூன்றாவதில் அது சுற்ற வேண்டும் என்றார், சுற்றியது, ஒரு மருத்துவமனையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்கே தலைசுற்றல் வந்து நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் வைத்தேன், அதற்கு ஒரு பதிப்பு. நான்காவதில், "ஆய்வு செய்" என்ற பொத்தான் மிரட்டுகிறதாம், இதமாக இருக்கட்டும் என்று "பார்ப்போம்" என மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். ஒரு மாதம் யாரும் அதை அமுக்கவில்லை. விசாரித்தால், "பார்ப்போம்னுதானே சொல்லுது, செய்ற மாதிரி தெரியலையே" என்கிறார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம், அத்தான். இனி எழுதப்போவதுதான் எனக்குக் கை வராமல் கிடந்தது.

போன மாதம் வேறொரு பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். குழாய்த் தண்ணீரில் உள்ள அழுக்கை அளந்து எழுதுகிறவர். "சார், நான் ஆறு வாரம் லீவுல இருந்தேன். அந்த ஆறு வாரமும் தண்ணி ரொம்ப சுத்தம்னு உங்க சல்லடை சொல்லுது. நான் வந்ததுக்கு அப்புறம்தான் அழுக்காகுதாம். என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டிருக்கு அது?" என்றார். சிரித்துக்கொண்டே உள்ளே திறந்து பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அளவு எழுதாத வெற்றுக் கட்டத்தைச் சல்லடை சுழியம் என்று எடுத்துக்கொண்டு சராசரி போட்டிருந்தது. அளக்கவே இல்லை என்பதை அழுக்கே இல்லை என்று படித்திருக்கிறது. அதனால் ஒரு பள்ளிக்கூடக் குழாய்க்கு "நல்ல தண்ணீர்" என்று சான்று போயிருந்தது. அந்த அம்மா அன்றே குழாயை மூட வைத்தார். பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படிப் படிக்கச் சொன்ன வரியை எழுதியது யார் என்று தேடினால் வேறு யார், நான்தான். முதல் பதிப்பில், உங்களுக்காக எழுதியது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரி பண்ணிடு. யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றார்.

"பழைய அறிக்கையை நம்பி இன்னும் எத்தனை பேர் குடிச்சுக்கிட்டிருக்காங்களோ சார்."

"உனக்குக் கம்பெனி முக்கியமா, ஊர்த் தண்ணி முக்கியமா?"

நானும் அந்த ஊர்த் தண்ணியைத்தான் குடிக்கிறேன். என் இடத்துக்குத் திரும்பினேன். சல்லடை வாங்கிய நூற்றுமுப்பது கூடங்களுக்கும் என் பெயரிலேயே எழுதினேன்: பிழை என்னுடையது, வெற்றுக் கட்டம் உள்ள அறிக்கைகளை எல்லாம் மறுபடி பாருங்கள். பிறகு ராஜினாமாவையும் எழுதி வைத்துவிட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு வெளியே வந்தேன்.

உங்கள் காலத்து அறிக்கைகளையும் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பதில் இரண்டு குழாய்கள் தப்பாகத் தேறியிருக்கின்றன. இரண்டையும் குழாய் மாற்றும்போது நீங்களே மூடிவிட்டீர்கள். ஆனாலும் அவற்றின் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. என்னை நம்பிப் போட்டது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்பது நாளாக வீட்டில் இருக்கிறேன். அறுபத்தொரு வயதுக்கு இது போதும். இனிமேல் எந்தக் கம்ப்யூட்டர் முன்னாலும் உட்காரப்போவதில்லை, இது உறுதி. அக்காவுக்கு என் அன்பு. உங்கள் திட்டு எதுவானாலும் முழுசாக அனுப்புங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது என் மனைவி சொல்கிறாள், நான் குளித்துக்கொண்டிருந்தபோது முதலாளி போன் செய்தாராம். கடிதம் போன கூடங்களில் பாதிக்கு மேல், "தப்புன்னு ஒத்துக்கிட்ட அந்த ஆளே வந்து பார்க்கட்டும், வேற யாரும் வேண்டாம்" என்கிறார்களாம். இவள் என்னைக் கேட்காமலே, "திங்கட்கிழமை வந்துடுவார்" என்று சொல்லிவிட்டாள். ஏன்டி என்றேன். "ஒன்பது நாள்ல அடுக்களை டப்பா எல்லாத்தையும் உயர வாரியா அடுக்கி வெச்சிருக்கீங்க. எனக்கு உப்பு கிடைக்கல" என்றாள். ஆகவே மேலே ராஜினாமா, ஓய்வு, உறுதி என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். மன்னிப்பை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை மணிக்கு பஸ்.