சிவப்புத் துணிக்குள் வேகம்

"ஏட்டி, ரவுட்டருக்கும் கண்ணு படுமா?" என்று கிளாரா அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டார். படும் என்று எங்கள் கடற்கரை ஊரான கடியப்பட்டணமே நம்பிய 2014ஆம் வருஷம் அது.

நம்பவைத்தவர் தக்கலைக் குமாரதாஸ். சிவப்புத் துணியில் தைத்த செம்புத் தகட்டை ரவுட்டருக்கு அடியில் ஒட்டுவார். படுத்துக்கிடந்த நெட் எழுந்து ஓடும். கடற்கரைக்குச் சிலுவை போட்ட தகடு, வயற்காட்டு ஊர்களுக்கு ஓம் போட்டது. வேற்றுமை பாராட்டாத மனிதர்! மாதம் ஒருமுறை சக்தி தீர்ந்துவிடும்; புதுத் தகடு வாங்க வேண்டும். அதற்கும் வரிசை நின்றது.

கிளாரா அக்காவின் கணவர் ஏசுஅடிமை மஸ்கட்டில். பிறந்து நான்கு மாதமான மகளை அவர் வெள்ளிக்கிழமை வீடியோ காலில்தான் பார்க்க முடியும். படம் பாதியில் உறைந்துவிடும். மனிதர் அரை மூக்கைக் கொஞ்சிக்கொண்டிருப்பார்.

அந்த மாதத் தகட்டை ஒட்டக் குமாரதாஸ் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, பாலிடெக்னிக் படித்த பக்கத்து வீட்டு ஷிபா சொன்னாள்: "அக்கா, இந்தப் பெட்டியைக் கம்பெனியே கைவிட்டாச்சு. இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. யாரு வேணும்னாலும் உள்ள தொறந்து பாத்து கோளாறைத் திருத்தலாம். அத ஏத்துவோம்."

"ஒடமஸ்தன் இல்லாத சாஃப்ட்வேரா? ஆளில்லாத வீட்டுல பேய்தான் குடியேறும்!" என்றார் குமாரதாஸ். வேடிக்கை பார்த்த கூட்டம் தலையாட்டியது.

"பிள்ள இருக்கிய வீடாக்கும் மக்கா, பேயெல்லாம் ஆவாது" என்று கிளாரா அக்கா பயந்தார்.

தகடு ஒட்டும் முன் வழக்கம்போல் குமாரதாஸ் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கப் போனார். ஷிபா தடுத்தாள். "பிளக்கப் புடுங்காம ஒட்டுங்க அண்ணே."

"கரண்டு ஓடுனா சக்தி ஏறாது."

"அப்போ தகடு இல்லாம நான் பிளக்க மட்டும் புடுங்குதேன்."

பிடுங்கினாள். பத்து வரை எண்ணி, மாட்டினாள். இரண்டு நிமிடத்தில் நெட் பறந்தது!

விஷயம் இவ்வளவுதான். எங்கள் ஊரில் ரவுட்டர் இருப்பது இயேசுவின் திருஇருதயப் படம் வைத்த தட்டில். அங்கே எரியும் சிவப்பு விளக்கை அணைக்கக் கூடாது; கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் காக்கும். அதே சுவிட்சில் ரவுட்டர். மாதக்கணக்கில் தூங்காத மனிதனே உளறுவான், பெட்டி உளறாதா? குமாரதாஸ் அதைச் சற்றுத் தூங்கவைத்து எழுப்பினார். அதற்குப் பெயர் பூஜை!

"அப்போ புது சாஃப்ட்வேர் வேண்டாமா?" என்றார் அக்கா.

"இது மறுபடியும் படுக்கும் அக்கா. ஏத்துனா தொந்தரவு கொறையும். தொறந்து பாக்க முடியிததுக்கா பயப்படுதிய? அண்ணனுக்க தகட்டத் தொறந்து பாத்தியளா?"

"பிரிச்சா சக்தி போவும்!" என்று அலறினார் குமாரதாஸ்.

அக்காவே கத்தரிக்கோலை எடுத்தார். துணிக்குள் பவுடர் டப்பாவை வெட்டிய தகரம். வாசனைகூடப் போகவில்லை.

"ஏட்டி ஷிபா, நீ அந்த சாஃப்ட்வேர ஏத்து. வெள்ளிக்கிழமைக்கு முன்ன வேணும்" என்றார் அக்கா.

திறந்து பார்க்காதே என்று யார் சொன்னாலும், மக்களே, முதலில் அதைத்தான் திறந்து பாருங்கள். கூட்டத்தில் நாலைந்து பேர் அப்போதே தங்கள் தகடுகளைப் பிரிக்க வீட்டுக்கு ஓடினார்கள். குமாரதாஸ் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாருடைய செருப்பையோ மாட்டிப் படியிறங்கிப் போனார்.