உரிமை கோரப்படாத நாலடுக்கு

உமர் ஃபாரூக்குக்கு நடந்தவற்றை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால், அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லிவிடுவது அதிகாரிகளின் வழக்கம்.

முதலாவது. தொண்ணூற்றிரண்டு டிசம்பரில் வடக்கே ஒரு மசூதியை இடித்தார்கள். இடித்தவர்களை நாடே பார்த்தது. அதற்கான நடவடிக்கையாக, மயிலாப்பூர் லஸ்ஸில் உமர் ஃபாரூக் வைத்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடையை, அவருடைய பாதுகாப்பை முன்னிட்டு, மூன்று நாள் பூட்டினார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திரும்பிப் போகும்போது புதுக் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார்.

இரண்டாவது. அடுத்த மார்ச்சில் பம்பாயில் குண்டுகள் வெடித்தன. அதற்கான நடவடிக்கையாக, கடைவாசலில் இருந்த குப்பைத்தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொட்டிக்குள் குண்டு வைக்கலாமாம். அன்றிலிருந்து குப்பை தரையில் கிடக்கிறது. தரைக்கு உள்பக்கம் கிடையாது என்பதில் அரசாங்கத்துக்கு நிம்மதி.

மூன்றாவது. அதே வருஷம் நம் ஊரிலேயே வெடித்தது. அதற்கான நடவடிக்கையாக, வட்டார மத நல்லிணக்கக் குழு அமைக்கப்பட்டது. குழுவுக்கு ஒரு முஸ்லிம் தேவைப்பட்டார். கண் பரிசோதனைக்கு வந்திருந்த அப்போதைய இன்ஸ்பெக்டர், பலகையில் கடைசி வரி எழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்தபடியே உமர் ஃபாரூக்கை நியமித்தார். அன்று முதல் வருஷத்துக்கு இரண்டு தடவை அவர் மேடை ஏறி, குழுத் தலைவரைக் கட்டிப்பிடித்து, புறா விட வேண்டும். அது வாடகைப் புறா. விட்டதும் நேரே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடும். அடுத்த கூட்டத்துக்கும் அதுவே வரும். குழுவில் ஒரு கூட்டம் விடாமல் வந்தது அவரும் அந்தப் புறாவும்தான்.

நான்காவது. தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் கோயமுத்தூர். கடைக்குப் போனவர்களும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் செத்தார்கள். கொள்கை வைத்திருந்தவர்கள் பத்திரமாக இருந்தார்கள். உமர் ஃபாரூக் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அரசாங்கம் சாப்பிட்டுவிட்டு, ‘உரிமை கோரப்படாத பொருள்கள் பற்றிய அறிவுரை’ என்று ஒரு சுற்றறிக்கை விட்டது.

அறிவுரை சுருக்கமானது. பொது இடத்துக்குக் கொண்டுவரப்படும் எந்தப் பொருளிலும் உரிமையாளர் பெயர் இருத்தல் வேண்டும். பெயர் உள்ளவரே உரிமையாளர் எனக் கருதப்படுவார். உரிமையாளர் தவிர வேறு எவரும் அதைத் தொடலாகாது. பெயரில்லாத பொருள், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, குண்டு.

மறுவாரமே அது நாகரிகமாகிவிட்டது. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஜவஹர், திருநெல்வேலிக்காரர், பாத்திரம் விற்பதைக் குறைத்துக்கொண்டு பெயர் வெட்டும் மிஷினும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். குடைக்காம்பு, பூட்டு, வெற்றிலைப்பெட்டி எல்லாம் வரிசையில் வந்தன. அடையாறு டாக்டரம்மா ஒருத்தி தன் நாயின் கழுத்துப்பட்டையில் பெயரோடு பட்டங்களையும் வெட்டிக்கொண்டாள். பெயரில்லாத பையோடு கல்யாணத்துக்குப் போவது அழுக்குச் சட்டையோடு போவது போல ஆயிற்று.

உமர் ஃபாரூக்கும் தன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனார். ஜவஹர் மிஷினை நிறுத்தினார்.

“வெட்டுறதுக்கு ஒண்ணுமில்ல பாய். ஆனா யோசிச்சுக்கிடுங்க. பேர் இல்லாத ஏனம் பாத்திரத்தப் பாத்தா ஜனங்க, ‘குண்டா இருக்குமோ’ன்னு ஒரு நிமிஷம் நிப்பாங்க. உங்க பேர் இருந்தா நிக்கவே மாட்டாங்க. ஓட்டந்தான்.”

உமர் ஃபாரூக் யோசித்துப் பார்த்தார். பெயர் இல்லாவிட்டால் சந்தேகம். பெயர் இருந்தால் சந்தேகமே இல்லை. கேரியரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வழி கண்டுபிடித்தது அவர் மனைவி அமீனா பீ. மூத்தமகள் வஜீஹாவின் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களில் மிச்சம் பரணில் கிடந்தது. அதிலிருந்து ஒரு நாலடுக்கு எவர்சில்வர் கேரியரை இறக்கினாள்.

“இதுல பேர் வெட்டியிருக்கு.”

“யார் பேர்?”

“யார் பேரா இருந்தா என்ன? பேர் இருக்கணும்னுதானே சர்க்கார் சொல்லுது. உங்க பேர் இல்ல, அது போதும்.”

அன்று திங்கட்கிழமை. இளையமகள் ஷாகிராவைப் பெண் பார்க்க ஆம்பூரிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவதாக இருந்தார்கள். இரண்டு இடம் தட்டிப்போய், வராது வந்த மூன்றாவது இடம். காலையில் நல்லிணக்கக் கூட்டம். கேரியரைக் கையில் கொடுத்து அமீனா பீ சொன்னாள்: “ஏங்க, கட்டிப்பிடிக்கிறதெல்லாம் சட்டுனு முடிச்சிட்டு, கடைய நாலு மணிக்கே பூட்டிட்டு வந்துடுங்க. வர்றவங்க முதல்ல பாக்கப்போறது பொண்ண இல்ல, உங்களத்தான்.”

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் குண்டு கண்டுபிடிக்கும் இரும்புச் சட்டம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு மின்சார இணைப்பு வரவில்லை. ஆனாலும் எல்லோரும் கோயில் நிலைப்படியைத் தாண்டுவது போலக் குனிந்து நுழைந்தார்கள். சுப்புலக்ஷ்மி மாமி பிரார்த்தனைப் பாட்டுப் பாடினாள். குழுத் தலைவர் ஸ்ரீரங்கன், கணக்குத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், வன்முறையை வன்மையாகக் கண்டித்தார். பிறகு கட்டிப்பிடிக்கும் நேரம் வந்தது.

“பாய், ஒரு கைல கேரியர் இருக்கு. ரெண்டு கையும் தெரியணும்,” என்றான் போட்டோ எடுக்கும் அச்யுத்.

உமர் ஃபாரூக் கேரியரை மேடையில் இருந்த மேஜைக்குக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். ஸ்ரீரங்கன் கண்ணை மூடிவிட்டார். மறுபடி கட்டிப்பிடித்தார்கள். இப்போது புறா குறுக்கே வந்தது. மறுபடியும். மூன்று நல்லிணக்கம் முடிந்த களைப்பில் உமர் ஃபாரூக் வெறுங்கையோடு கடைக்குப் போய்விட்டார். பசித்தபோதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தால், மண்டபத்துக்குள் மேடையைச் சுற்றிக் கயிறு. கயிற்றருகே தங்கபுஷ்பம் என்ற போலீஸ்காரி.

“இன்னா பாய், கவுறு கட்டிக்கீது கண்ணுக்குத் தெரில? மேஜைக்கடில குண்டு கீது.”

“அது என் சாப்பாடும்மா.”

“இன்னா சாப்பாடு?”

“பகாரா சோறு, தாள்ச்சா, கத்திரிக்கா.”

தங்கபுஷ்பம் ஒரு நொடி மனம் இளகினாள். பிறகு கடமை ஞாபகம் வந்து, இன்ஸ்பெக்டர் ராம்குமாரைக் கூப்பிட்டாள்.

“கேரியர் உங்களுதா பாய்?”

“ஆமா சார்.”

“பேர் இருக்கா?”

“இருக்கு.”

“உங்க பேரா?”

“இல்ல சார்.”

“அப்ப யார் பேர்?”

“தெரியாது சார். பொண்ணு கல்யாணத்துல வந்தது. ஐந்நூறு பேர் வந்தாங்க.”

ராம்குமார் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். “பாய், நானும் இருபது வருஷமா சர்வீஸ்ல இருக்கேன். தான் சாப்பிடற பாத்திரத்துல யார் பேர் இருக்குன்னு தெரியாத ஒரு ஆளை இப்பதான் பாக்கறேன்.”

“உங்க வீட்டுப் பாத்திரத்துல யார் பேர் சார் இருக்கு?”

இந்தக் கேள்வி விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்று ராம்குமார் தீர்மானித்தார்.

“நானே போய்த் திறந்து காட்டிடறேன் சார். வெடிச்சா எனக்குத்தானே?”

“தொடக்கூடாது. பேர் உள்ளவர்தான் உரிமையாளர். நீங்க அன்னியர். அன்னியர் வெச்ச பொருள்னா இன்னும் மோசம். அதனால உக்காருங்க. கைதுன்னு நெனைக்காதீங்க, விருந்தாளி மாதிரி. எழுந்து போக முடியாது, அவ்வளவுதான்.”

“சாயந்திரம் பொண்ணு பாக்க வர்றாங்க சார். அப்பன் எங்கன்னு கேட்டா, குண்டு கேஸுல போலீஸ்கிட்ட இருக்கான்னா சொல்வாங்க? அந்த இடம் அப்படியே திரும்பிப் போயிடும் சார்.”

“எனக்குப் புரியுது பாய். சுற்றறிக்கைக்குப் புரியாதே.”

குண்டு நிபுணர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நிபுணர்கள் கொட்டிவாக்கம் கடற்கரையில் ஒரு ஐஸ் பெட்டியைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்து வடபழனி போக வேண்டும். அங்கே ஒரு கல்யாணத்தில் பெயர் வெட்டாத தவில் கிடந்தது. ஏழு மணிக்கு முன் வர வாய்ப்பில்லை.

மூன்றரை மணிக்கு ஸ்ரீரங்கன் வந்தார்.

“ஆத்துல காபி சாப்பிட்டுண்டிருந்தேன், சேதி வந்தது. பாய், உங்களை எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா நீங்க போட்ட கண்ணாடிலதான் லோகத்தையே பார்த்துண்டிருக்கேன்.”

“அப்ப நீங்களே சொல்லுங்க சார், என்னை விடச் சொல்லி.”

“சொல்லலாம். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே! தலைவரே வளைச்சா நாளைக்கு எல்லாரும் வளைப்பா. இப்போ என்ன, அந்தப் பேருக்குரியவன் யாருன்னு தெரியணும். தெரிஞ்சுதுன்னா பாயை விட்டுடலாம், அவனைப் பிடிச்சு உள்ளே வெச்சுடலாம். அப்படித்தானே, இன்ஸ்பெக்டர்?”

“அப்படித்தான் சார்.”

“ஜாதி பார்க்கப்படாது, மதம் பார்க்கப்படாது, பெரிய மனுஷன்னு பார்க்கப்படாது. நிபுணர் வந்து திறக்கற வரைக்கும் அவன் ஸ்டேஷனை விட்டு நகரப்படாது. இதை நான் எழுத்து மூலமாவே தரத் தயார்.”

தங்கபுஷ்பம் கேட்டாள்: “கிட்ட போய் பேரப் படிக்கறது யாரு?”

எல்லோரும் மண்டபத்தின் அழகான கூரையைப் பார்த்தார்கள்.

மணி நாலு. அமீனா பீ இப்போது வாசலைக் கழுவியிருப்பாள். உமர் ஃபாரூக் எழுந்து நின்றார். “சார், என் கடையில பைனாகுலர் இருக்கு. இங்க நின்னபடியே படிச்சிடலாம். தொடக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு? படிக்கக்கூடாதுன்னு போடலியே?”

ராம்குமார் சுற்றறிக்கையை மூன்று தடவை புரட்டினார். போடவில்லை. தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்குத் தானே கருவி கொண்டுவர அந்தக் கடைக்காரருக்கு அனுமதி கிடைத்தது. தங்கபுஷ்பம் துணைக்குப் போய் வந்தாள்.

சாட்சிகள் வேண்டும். சுப்புலக்ஷ்மி மாமியையும் அச்யுத்தையும் கூப்பிட்டுக் கயிற்றோரம் நிறுத்தினார்கள். படிக்கப்போவது யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

“தலைவர்ங்கற முறைல நானே படிக்கறேன்,” என்றார் ஸ்ரீரங்கன். “அச்யுத், இதை ஒரு போட்டோ எடு.”

உமர் ஃபாரூக் பக்கத்தில் நின்று பைனாகுலரைத் திருகிக் கொடுத்தார். “இடது கண்ணுக்கு உங்களுக்குக் கொஞ்சம் கூட வேணும் சார். இப்பப் பாருங்க.”

“பேஷ்! கையால தொடற மாதிரி தெரியறது. மேலடுக்கு... மூடிக்குக் கீழே எழுத்து. ‘அன்பளிப்பு’ன்னு போட்டிருக்கு.”

“அப்ப குடுத்தவர் பேர்தான் அடுத்தது,” என்றார் ராம்குமார்.

‘அன்பளிப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் கயிற்றோரம் நின்றவர்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். சுப்புலக்ஷ்மி மாமி விரல் மடக்கத் தொடங்கினாள். இதுவரை போன கல்யாணம் எத்தனை, கொடுத்த குத்துவிளக்கு எத்தனை, குடம் எத்தனை. அவையெல்லாம் இந்த நிமிஷம் எந்தெந்த பஸ்ஸில், எந்தெந்த மேஜைக்கடியில்! அச்யுத் இரண்டடி பின்வாங்கினான். ராம்குமாரும் மச்சினி கல்யாணத்தை நினைத்துக்கொண்டார்.

“அதுக்கடியில என்ன சார்?”

ஸ்ரீரங்கன் பைனாகுலரை இறக்கி, வேஷ்டி நுனியால் துடைத்து, மறுபடி வைத்துக்கொண்டார்.

“வெளிச்சம் போறலை.”

தங்கபுஷ்பம் சுவிட்சைத் தட்டினாள். மண்டபத்து விளக்கெல்லாம் எரிந்தது.

உமர் ஃபாரூக்குக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ராயப்பேட்டையில் வஜீஹாவின் கல்யாணம். கூட்டத்தில் வியர்த்து வழிந்துகொண்டு, பளபளக் காகிதம் சுற்றிய ஒரு கனத்த சாமானோடு ஸ்ரீரங்கன் வந்தார். பந்தியில் உட்காரவில்லை, ஒரு சோடா மட்டும் குடித்தார். போகும்போது வாசலில் உமர் ஃபாரூக்கைக் கட்டிப்பிடித்து, “உங்காத்துப் பொண்ணு எங்காத்துப் பொண்ணு மாதிரி” என்றார். போட்டோக்காரன் யாரும் பக்கத்தில் இல்லை. இத்தனை வருஷத்தில் கட்டிப்பிடித்தவற்றில் யாரும் படம் எடுக்காதது அது ஒன்றுதான்.

‘விடுங்க சார், நான் ஏழு மணி வரைக்கும் இருந்துக்கறேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. ஷாகிராவை நினைத்தார். வாயை மூடிக்கொண்டார்.

“படிச்சிட்டீங்களா சார்?” என்றார் ராம்குமார்.

ஸ்ரீரங்கன் உதடு அசைந்தது.

“சத்தமா சார். சாட்சிகளுக்குக் கேக்கணும்.”

ஸ்ரீரங்கன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முப்பது வருஷம் பிறர் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற விடாத உத்தியோகம் பார்த்தவர். உள்ளதை உள்ளபடி படித்துத்தான் பழக்கம்.

“ஆர். ஸ்ரீரங்கன், மயிலாப்பூர்.”