சாலையைக் கடந்த வரலாறு

ஜூலை பதினெட்டு, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபத்தைந்து நிமிடம். கொல்லிமலையில் சாரல்; குடை பிடித்தால் வெட்கம், பிடிக்காவிட்டால் தும்மல். அந்த நிமிடத்தில் ஒரு பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தியவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பேளுக்குறிச்சியிலிருந்து தினமும் எழுபது வளைவு ஏறி, எழுபது வளைவு இறங்குவேன். (எண்ணாமல் ஏறினால் எனக்கு வாந்தி வரும்.) ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, ஆண்டுக்கு ஓர் அங்குலம் வீதம் இரண்டாயிரம் அங்குலத்துக்குக் கயிறு வாங்கிக் கட்டினேன். வகுப்பு வாசலில் இன்றைய நாள். பள்ளிக் கேட்டில் பாடப்புத்தகத்தின் முதல் மன்னர். நடுவே ஒவ்வொரு அரசருக்கும் போருக்கும் ஒரு சிவப்புத் துணி. மொத்தம் நாற்பத்தாறு.

ஏழாம் வகுப்புச் செல்வி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டு வந்தாள்.

“ஏனுங்க சார், எங்க மலைச்சனம் ஒருத்தரும் இதுல இல்லீங்களா?”

புத்தகத்தைப் புரட்டினேன். இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “உங்க முன்னோர் எப்ப இந்த மலைக்கு வந்தாங்கன்னு ஊட்ல கேளுங்க கண்ணு. பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க, துணி கட்டிடலாம்” என்றேன்.

தலைமையாசிரியர் பதறினார். “வியாழக்கிழமை கல்வி அதிகாரி வர்றார் சார். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னார்னா, கயிறு கெணத்துக்குத்தான்.”

அப்படியானால் வியாழக்கிழமையே கட்டுவது என்று முடிவு செய்தேன்.

செல்வியின் அப்பா சடையன் முதலில் வந்தார். “எங்க பாட்டன் வந்து முந்நூறு வருசமாச்சுங்க.” முந்நூறு அங்குலம் அளந்து கட்டினேன். அடுத்து கீழூர் பெரியண்ணன். “அவங்களுக்கு முந்தியே நாங்க வந்துட்டமுங்க. நானூறுன்னு போடுங்க.”

“அப்ப எங்களுக்கு ஐந்நூறுங்க!”

“ஆயிரம்!”

பேளுக்குறிச்சிச் சந்தையில் மாட்டுக்கு விலை ஏறிப் பார்த்திருக்கிறேன். பாட்டனுக்கு ஏறியதை அன்றுதான் பார்த்தேன். மூளையுள்ளவன் நிறுத்தியிருப்பான். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். (அளவு தப்பக்கூடாதே!) ஆயிரம் இரண்டாயிரமாகி, முதல் மன்னர் இருந்த கேட்டுக்கே வந்துவிட்டோம். கயிறு தீர்ந்தது. சடையன் மாட்டுக் கயிற்றை அவிழ்த்து வந்து முடிச்சுப் போட்டார். சாலையைக் கடக்கப் பதினெட்டு அடி, அதாவது இருநூற்றுப் பதினாறு வருடம். எதிர்ப்பக்கப் பலாமரத்தில் பெரியண்ணன் நுனியைக் கட்டவும் பஸ் வரவும் சரியாக இருந்தது.

ஜீப் அடிவாரத்துக் காரவள்ளியிலேயே படுத்துவிட்டதால், அதிகாரியும் அதே பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

“யாருய்யா ரோட்டுக்குக் குறுக்க கயிறு கட்டுனது?”

“சார், நீங்க நிக்கிற எடம் கி.மு. எண்பதுங்க” என்றேன். (வாய் என் பேச்சைக் கேட்பதில்லை.)

கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: “அறுவத்தி மூணு பேரை வெச்சிக்கிட்டு நான் கி.மு.வுலயா நிக்கிறது? அவுத்து உடுங்க!”

மரத்தடியில் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சடையனையும் பெரியண்ணனையும் அதிகாரி பார்த்தார். “ரெண்டு பேர்ல யார்தான் முதல்ல வந்தது?”

“நாங்கதானுங்க!” என்று இரண்டு குரல்.

அப்போது சத்துணவு சமைக்கும் வெள்ளையம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். “ரெண்டு ஊட்டுப் பாட்டனும் பொண்டாட்டி இல்லாமத்தானே மலையேறுனாங்க? இங்கிருந்த பொண்ணுகளைக் கட்டித்தானே குடும்பமாச்சு? நீங்கதானே இந்தக் கதையச் சொல்றீங்க?”

“ஆமாங்க.”

“அப்ப அந்தப் பொண்ணுக எப்ப வந்தாங்களாம்?”

பதிலையும் வெள்ளையம்மாளே சொன்னார்.

“வரவே இல்லீங்க சாமி. இங்கயேதான் இருந்தாங்க.”

தோளில் கிடந்த கரித்துணியை எடுத்தார். சாலையைக் கடந்தார். கயிறு முடிந்த முடிச்சையும் தாண்டி, பலாமரத்து அடியிலேயே சுற்றிக் கட்டிவிட்டு, சோறு குழைந்துவிடும் என்று உள்ளே போய்விட்டார்.

கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிற நான், நாற்பத்தாறு துணியில் பெண்ணுக்கு எத்தனை என்று அன்றுதான் எண்ணினேன். முட்டை. முப்பத்தோரு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த முட்டையைத்தான் அடைகாத்திருக்கிறேன்.

“புத்தகத்துல இருக்கறத மட்டும் நடத்துங்க” என்று அதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார். கயிறு கிணற்றுக்குப் போனது. வெள்ளிக்கிழமை காலை சடையனும் பெரியண்ணனும் கிணற்றில் இறங்கி அதை எடுத்து வந்தார்கள். (யார் முதலில் இறங்கியது என்று நான் கேட்கவில்லை.) ஈரம் சொட்டச் சொட்ட மறுபடி கட்டினேன், இம்முறை கேட்டுக்கு உள்ளேயே. முதல் மன்னருக்கு முன்னால் ஒரு கரித்துணி. விளக்கம் கேட்டு மூன்று கடிதம் வந்தது. மூன்றுக்கும் ஒரே வரியில் பதில்: “கயிறு அவிழ்க்கப்படவில்லை.” ஓய்வு பெறும் நாள்வரை அவிழ்க்கவும் இல்லை.

என் வீட்டில் இன்றும், விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகளில் யார் முதலில் வந்தது என்று நான் கேட்டால் போதும். “டேப்பை எடுங்க! நீங்க எல்லாரும் வர்றதுக்கு முந்தியே நான் அடுப்படியிலதான் இருக்கேன்” என்று என் மனைவி குரல் கொடுப்பாள்.

அந்தக் கயிற்றுக்கு நான் கொடுத்த விலை: தண்டனையாக ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், மாதம் இரண்டாயிரத்து நூறு வீதம், இருபத்தையாயிரத்து இருநூறு. கயிறு அறுநூற்று நாற்பது. வெள்ளையம்மாளுக்குப் புதுக் கரித்துணி நாற்பது. ஆக மொத்தம் இருபத்தையாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய். இன்னொரு முறை கேட்டாலும் கொடுப்பேன். ரசீது மட்டும் வேண்டும்.