தாரில் உடைத்த தடியங்காய்

நல்லது செய்ய ஆசைப்படுகிறவனைத்தான் முதலில் கட்டிப்போட வேண்டும். கெட்டது செய்ய நினைப்பவனாவது கொஞ்சம் யோசிப்பான். நான் யோசிக்காமல் நல்லது செய்து, என் அக்கா புருஷனின் வாழ்க்கையையே திசை திருப்பியவன்.

அறுபதுகளின் நடுவில் தாராவியில் குடியிருந்தோம். அத்தான் ஒரு பார்சி முதலாளியின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிய பாகங்களை வைத்து முதலாளிக்காக ஒரு பந்தயக் காரை அவரே உருவாக்கினார். கூரை கிடையாது, கதவு கிடையாது, சத்தம் மட்டும் உண்டு. "இங்கே ஜெயித்தால் மதராஸ் பந்தயத்திலும் நீதான் ஓட்டுவாய். தோற்றால் வண்டியை விற்றுவிடுவேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அத்தான் அந்த நினைப்பிலேயே தூக்கத்தைத் தொலைத்தார். (அக்காவும்தான். அவளுக்குக் காரணம் கிரீஸ் வாடை.)

பந்தய விதிகள் விநோதமானவை. காலையில் மண் மைதானத்தில் ஓட வேண்டும். பிற்பகலில் பக்கத்து விமான ஓடுபாதையில், தாரில். இரண்டுக்கும் ஒரே வண்டி, ஒரே டிரைவர். நடுவில் டயரை மட்டும் மாற்றலாம். முக்கியமாக, வண்டியில் ஒட்டிய மண்ணோடு தாருக்கு வரக்கூடாது. மண் உதிர்ந்தால் எல்லா வண்டியும் வழுக்கும்.

உதவியாள் என்று எனக்கும் ஒரு கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். எனக்கு இருபது வயது. பேன்ட் இரவல், கர்வம் சொந்தம்.

காலையில் கொடி அசைவதற்கு முன், திருஷ்டி கழிய, வண்டிக்கு முன்னால் ஒரு தடியங்காயை உடைத்தேன். (வெள்ளைப் பூசணிதான். திருநெல்வேலிக்காரன் வாயில் அது தடியங்காய்.) உள்ளே குங்குமத்தைத் தாராளமாகக் கொட்டியிருந்தேன். மண் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. அத்தான் முதலாவதாக வந்தார்.

"மாப்ளே, உன் காய் வேலை செஞ்சிட்டுடே!" என்று முதுகில் தட்டினார். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை.

பிறகு டயரை மாற்றி, வண்டியைக் கழுவினோம். இடுக்கில் இருந்த மண்ணை அத்தான் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டினார். நான் பனியனைக் கழற்றித் துடைத்தேன். சோதிக்க வந்த அதிகாரி வெள்ளைக் கைக்குட்டையால் சக்கரத்தைத் தடவிப் பார்த்து, "பகுத் அச்சா" என்றார்.

அவர் நகர்ந்ததும் நான் இரண்டாவது தடியங்காயோடு ஓடினேன். அத்தான் இரண்டு கையையும் ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் ஓங்கி உடைத்தேன்.

தாருக்கு எதையும் குடிக்கிற பழக்கம் இல்லை. அள்ளிப் போடுவதற்குள் கொடி அசைந்தது. பின்சக்கரங்கள் காயின் சதையில் ஏறிச் சுழன்றன. வண்டி பக்கவாட்டில் திரும்பி ஓரத்து டிரம்களில் போய் மோதியது. தரையில் சிவப்பைப் பார்த்து யாரோ அலற, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. டாக்டர் குனிந்து ஒரு விதையை எடுத்துப் பார்த்தார்.

"யே க்யா ஹை?"

"குட் லக், சார்" என்றேன்.

அத்தானுக்கு அடி இல்லை. முன் அச்சு வளைந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே நின்றார். நான் அழுதேன்.

"விடுடே. நல்லதுக்குத்தான செஞ்ச" என்றார். திட்டியிருக்கலாம். திட்டாதது இன்றுவரை வலிக்கிறது.

முதலாளி சொன்னபடியே வண்டியை விற்றார். அத்தான் அதன்பின் டிராம்பே பக்கம் லாரி ஓட்டினார், உடம்பு விழும்வரை. பந்தயப் பேச்சை அவராக எடுத்ததே இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் புதுக் கடையோ புது ஸ்கூட்டரோ, யாரும் காயை என் கையில் தரமாட்டார்கள். "மாமா வர்றதுக்குள்ள உடைச்சிருங்கடே!" என்று சிரிப்பார்கள். அத்தானும் கூடவே சிரிப்பார்.

அத்தான் இறந்து, அவர் காரியம் முடிந்த அன்று, செம்பூர் வீட்டில் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"உள்ளதைச் சொல்லுலே. நீ அதை உடைக்காம இருந்தா அவரு ஜெயிச்சிருப்பாரா?"

எனக்குத் தெரியாது. அன்று எதிரே நின்றவை தாரில் பறக்கிற பெரிய வண்டிகள்.

"முதல்லயே வந்திருப்பாருக்கா" என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேரப்பிள்ளைகள்ட்டயும் அப்படியே சொல்லு."

சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் என்னைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் தாத்தா தோற்கவில்லை.